மூணாங்கிளாஸ் படிப்பு.. அச்சகத்தில் வேலை.. திருத்தணிக்காகப் போராடிய ம.பொ.சி யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு கம்பெனி பஸ்ஸில் போய்வரும் இளைஞர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஜி.என்.டி சாலையில் எளாவூர் சோதனைச்சாவடி, அடுத்து ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் ஆந்திரா. கடை போர்டில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். மற்றபடி வயலும் ஏரியும் அப்படியேதான் இருக்கும். இந்த எல்லைக்கோடு எங்கே போகணும் என்பதற்காக ஒரு காலத்தில் பெரிய போராட்டமே நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் ம.பொ.சிவஞானம், சுருக்கமாக ம.பொ.சி.

மாநில எல்லைக்காக இவ்வளவு போராடிய ஒருவர், நாட்டைப் பிரிக்கணும் என்ற பேச்சை ஒருபோதும் ஏற்கவில்லை. அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

புத்தகம் வாங்கக் காசில்லை

1906-ம் ஆண்டு ஜூன் 26-ம் தேதி சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள சால்வன்குப்பத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் ம.பொ.சி. பாடப்புத்தகம் வாங்கப் பணம் இல்லாததால் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனது. நெசவு வேலை, கூலி வேலை என்று அலைந்தவர், கடைசியில் அச்சுக்கோர்ப்பவர் ஆனார். டாக்டர் வரதராஜுலு நாயுடு நடத்திய 'தமிழ்நாடு' பத்திரிகையின் அச்சகத்தில்தான் அந்த வேலை.

ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் வேலை அது. நாள் முழுக்க செய்திகளையும் கட்டுரைகளையும் எழுத்து எழுத்தாகக் கோர்த்த அந்த இளைஞருக்கு அச்சகமே பள்ளிக்கூடம் ஆனது. இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே காங்கிரஸில் தீவிரமாக இறங்கிட்டார். கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்ட சமூகத்தில் பிறந்தவர், மதுவிலக்குப் பிரசாரத்தில் முன்னால் நின்றார். சொந்தக்காரர்களின் எதிர்ப்பு வந்தும் பின்வாங்கவில்லை.

சிறையில் கிடைத்த சிலம்பு

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதானார். முதலில் வேலூர் சிறை, பிறகு இன்றைய மகாராஷ்டிராவில் இருக்கும் அமராவதி சிறை. அங்கே கடுமையான வயிற்றுப்புண் வந்து உடல் எலும்பும் தோலுமாகிப் போனது. அந்த வலி வாழ்நாள் முழுக்கக் கூடவே இருந்தது.

ஆனால் சிலப்பதிகாரத்தை ஆழ்ந்து படித்ததும் அதே சிறையில்தான். சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றையும் ஒரே கதையில் சேர்த்துப் பார்த்த நூல் என்பதால் அது அவரை ரொம்பவே ஈர்த்தது. பின்னாளில் தமிழறிஞர் ரா.பி.சேதுப்பிள்ளை அவருக்கு 'சிலம்புச் செல்வர்' என்று பட்டம் கொடுத்தார். மூணாங்கிளாஸ் படித்தவருக்குப் பேராசிரியர் ஒருவர் கொடுத்த பட்டம் அது.

வடக்கு எல்லையில் என்ன நடந்தது?

1946-ல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். மொழிவாரியாக மாநிலங்கள் அமையணும், மாநிலங்களுக்கு உண்மையான அதிகாரம் வேணும், எல்லாமே இந்தியக் கூட்டாட்சிக்குள்தான். இதுதான் அந்த அமைப்பின் நிலைப்பாடு. சுதந்திரம் கிடைத்த மறுநாளே, 1947 ஆகஸ்ட் 16-ம் தேதி, வடக்கு எல்லைக் கோரிக்கையோடு தொண்டர்களுடன் திருப்பதிக்குப் புறப்பட்டுப் போனார். அங்கே கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்.

அப்போது தமிழர்களும் தெலுங்கர்களும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 58 நாட்களுக்குப் பிறகு 1952 டிசம்பர் 15-ம் தேதி சென்னையில் உயிரிழந்தார். அந்த மரணம் ஆந்திர மாநிலத்துக்கு வழி திறந்தது. கூடவே, சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வியும் எழுந்தது. மேயர் செங்கல்வராயன் தலைமையில் இருந்த மாநகராட்சி, சென்னை தமிழர்களுக்கே என்று தீர்மானம் போட்டது. முதல்வர் ராஜாஜியும் உறுதியாக நின்றார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு மக்களைத் திரட்டியவர் ம.பொ.சி. சென்னை இல்லாமல்தான் ஆந்திரா அமையும் என்பதை 1953 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் பிரதமர் நேரு தெளிவுபடுத்தினார்.

1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திரா பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போனது. திருத்தணியும் அதில் அடக்கம்.

திருத்தணி வட்டாரத்தில் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் கிராமம் கிராமமாகப் போய் இலவசமாகத் தமிழ் வகுப்பு நடத்தி வந்தார். அவரும் வழக்கறிஞர் கே.விநாயகமும் ம.பொ.சியோடு கைகோத்தார்கள். கடையடைப்பு, ரயில் மறியல், பொதுக்கூட்டம் எனப் போராட்டம் பரவியது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள். ம.பொ.சியும் சிறைக்குப் போனார். மங்கலங்கிழார் 1953-லேயே காலமாகிவிட்டார். தன் உழைப்பின் பலனை அவர் பார்க்கவே இல்லை.

கிடைத்ததும் கைவிட்டுப் போனதும்

தகராறைத் தீர்க்க மத்தியஸ்தராக படாஸ்கர் நியமிக்கப்பட்டார். கிராமத்தை அலகாக வைத்து, அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்து எல்லை வகுக்கப்பட்டது. இரு மாநிலங்களும் ஒத்துக்கொண்டன. நாடாளுமன்றம் 1959-ல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது.

இதில் பலரும் மறந்துபோன ஒரு விஷயம் இருக்கு. அது ஒருவழிப் பாதை இல்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பகுதி கிராமங்கள் பதிலுக்கு ஆந்திராவுக்குப் போயின. இன்றைக்கு கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை பக்கத்து ஆட்கள் வேலைக்குப் போகும் ஸ்ரீசிட்டி அந்த சத்தியவேடு வட்டாரத்தில்தான் இருக்கிறது. ம.பொ.சி கேட்ட திருப்பதி கிடைக்கவே இல்லை. கோடு எங்கே விழுந்தாலும் அந்தப் பக்கம் சில தமிழ் வீடுகளும் இந்தப் பக்கம் சில தெலுங்கு வீடுகளும் இருக்கத்தான் செய்தன. கேட்டது முழுசாகக் கிடைக்காத நிலையிலும், பேச்சுவார்த்தையில் முடிவான எல்லையோடு இரு மாநிலங்களும் வாழப் பழகிக்கொண்டன.

பிரிவினையை ஏன் எதிர்த்தார்?

தனி திராவிட நாடு கோரிக்கை தமிழகத்தில் பலமாக இருந்த காலம் அது. ம.பொ.சி அதை மேடை மேடையாக எதிர்த்தார். மொழிக்கு உரிய இடம் கிடைத்தால்தான் மக்கள் இந்த நாட்டைத் தங்கள் நாடாக நினைப்பார்கள் என்பது அவரது வாதம். மாநில உரிமையும் தேசிய ஒற்றுமையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று நம்பினார். அந்தக் கோரிக்கையை தி.மு.க 1963-ல் கைவிட்டது. 1967 தேர்தலில் அதே தி.மு.கவோடு சேர்ந்து தியாகராய நகரில் வென்று சட்டமன்றம் போனார் ம.பொ.சி.

எழுத்திலும் இதே வேலையைத்தான் செய்தார். வ.உ.சி பற்றி அவர் எழுதிய நூலைத் தழுவி 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' படம் வந்தது. இயக்கியவர் கர்நாடகத்தில் பிறந்த பி.ஆர்.பந்துலு. 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' நூலுக்கு 1966-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. 1972-ல் பத்மஸ்ரீ வந்தது. சட்ட மேலவை 1986-ல் கலைக்கப்பட்டபோது அதன் தலைவராக இருந்தவரும் அவர்தான். 1995 அக்டோபர் 3-ம் தேதி சென்னையில் காலமானார்.

இன்றைய இளைஞர்களுக்கு இதில் என்ன இருக்கு?

1997-ல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணியும் சேர்ந்தது. இன்று அதே மாவட்டத்தின் வள்ளூர் அனல்மின் நிலையத்தை மத்திய அரசு நிறுவனமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்துகின்றன. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஒடிசா, பீகார் இளைஞர்கள் நம்ம ஊர் பசங்களோடு ஒரே ஷிஃப்ட்டில் நிற்கிறார்கள். வேறு மொழி பேசுபவரோடு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பது இவர்களுக்கு அன்றாடக் கேள்வி.

இதற்கு ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட்டில் ஒரு பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் கொடுக்க 1983-ல் ஆந்திரா ஒப்பந்தம் போட்டது. ம.பொ.சி மறைந்த அடுத்த ஆண்டு, 1996-ல், முதல் முறையாக கிருஷ்ணா நீர் இந்த எல்லையைக் கடந்து பூண்டி ஏரிக்கு வந்தது. எந்த நகரம் யாருக்கு என்று இரண்டு மாநிலங்களும் மோதிக்கொண்டனவோ, அந்த நகரத்தின் தாகம் தீர்க்க வந்த தண்ணீர் அது.