ரேட்டிங் 78.2 தான்... ஆனா கடைசி ரெண்டு நிமிஷம்னா பந்து இவர் கையிலதான்! ஜானி யுனைட்டஸ் கதை

மேட்ச் முடிஞ்சதும் நீங்க முதல்ல எங்கே போவீங்க? ஸ்கோர்கார்டுக்குத்தானே? யார் எத்தனை ரன், ஸ்ட்ரைக் ரேட் என்ன, எகானமி என்ன... பத்தே நொடியில் ஒருத்தரை ஹீரோவாக்கி, இன்னொருத்தரை மீம் ஆக்கிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவோம். நானும் அதே கேஸ்தான். அதனால்தான் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்த்தபோது, ஜானி யுனைட்டஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்களைப் பார்த்துக் குழம்பிப்போனேன்.

290 டச் டவுன் பாஸ். ஓகே, நல்லா இருக்கு. ஆனால் 253 முறை அவர் எறிந்த பந்தை எதிரணி பிடித்திருக்கிறது. எறிந்ததில் நூற்றுக்கு 55 கூட சரியாகப் போய்ச் சேரவில்லை. பாஸர் ரேட்டிங் 78.2. இன்றைய ஸ்டார் பேட்ரிக் மஹோம்ஸின் ரேட்டிங் 100-க்கு மேல். இப்போது ஒரு குவார்ட்டர்பேக் 78-ல் நின்றால், அடுத்த சீசனுக்கு டீம் வேறு ஆள் தேட ஆரம்பித்துவிடும். ஆனால் என்.எஃப்.எல் லீக்குக்கு 50 வயதானபோது, அதுவரையிலான குவார்ட்டர்பேக்குகளில் முதலிடம் இவருக்குத்தான் கொடுத்தார்கள். 75-வது ஆண்டு அணியிலும் இவர் இருந்தார். 100-வது ஆண்டு அணியிலும் இருந்தார். அப்போ எண்கள் எதைச் சொல்லாமல் விட்டன?

அதற்கு முன்னால், இந்த கேம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட விளக்கம். ஒரு பக்கம் 11 பேர். 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு. இப்படியே போய் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் கைக்குத்தான். எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து ஓடச் சொல்வதா, தானே ஓடுவதா என்று அவர் இரண்டு, மூன்று நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் 120 கிலோ ஆசாமிகள் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள்.

யுனைட்டஸ் பிறந்தது 1933 மே 7, பிட்ஸ்பர்க்கில். லிதுவேனியாவிலிருந்து வந்த குடும்பம். அப்பா நிலக்கரி டெலிவரி தொழில் செய்தவர். ஜானிக்கு 5 வயதிருக்கும்போது அவர் இறந்துவிட்டார். அம்மா அந்தத் தொழிலையும் பார்த்துக்கொண்டு, வேறு வேலைகளுக்கும் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார். ஒல்லிப்பிச்சான் உடம்பு என்பதால் நாட்டர்டேம் பல்கலைக்கழகம் இவரை வேண்டாம் என்றது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஃபெயில். கடைசியில் லூயிவில் பல்கலைக்கழகம்தான் இடம் கொடுத்தது.

1955-ல் சொந்த ஊர் டீமான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் இவரை 9-வது சுற்றில் எடுத்தது. சந்தோஷப்பட நேரமில்லை. டீமில் இருந்தது நான்கு குவார்ட்டர்பேக்குகள், இடமோ மூன்று. பயிற்சி ஆட்டங்களில் ஒரு தடவைகூட இவரைக் களத்தில் இறக்காமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்தை நடத்தும் அளவுக்கு மூளை போதாது என்று கோச் வால்ட் கீஸ்லிங் நினைத்தாராம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

22 வயசு. கல்யாணமாகிவிட்டது. கட்டட வேலைக்குப் போனார். வார இறுதியில் புளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற உள்ளூர் டீமுக்கு ஆடினார். சம்பளம் ஒரு மேட்ச்சுக்கு 6 டாலர். புல் இல்லாத, கல்லும் கண்ணாடித்துண்டும் கிடக்கும் மைதானங்கள். அந்த ஒரு வருடத்துக்கு எந்த ஸ்கோர்கார்டும் இல்லை.

1956-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் கூப்பிட்டது, ரிசர்வ் ஆளாக. சீசனின் நான்காவது மேட்ச், சிகாகோ பேர்ஸுக்கு எதிராக. மெயின் குவார்ட்டர்பேக் ஜார்ஜ் ஷாவின் கால் உடைந்தது. யுனைட்டஸ் உள்ளே வந்தார். அன்றைக்கு எறிந்த முதல் பந்தையே எதிரணி பிடித்து ஓடிப்போய் டச் டவுன் அடித்தது. அடுத்து, சக வீரர் கையில் கொடுக்க வேண்டிய பந்து தவறிக் கீழே விழுந்து அதுவும் எதிரணிக்குப் போனது. முடிவு 58-27. படுதோல்வி. அப்போது மட்டும் சோஷியல் மீடியா இருந்திருந்தால் அன்று இரவு அவர் போன் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கோச் வீப் யூபேங்க் அவரை மாற்றவில்லை. அந்த சீசன் முடிவில் ஆரம்பித்து 1960 டிசம்பர் வரை, தான் ஆடிய 47 மேட்ச்களில் தொடர்ந்து குறைந்தது ஒரு டச் டவுன் பாஸாவது எறிந்தார் யுனைட்டஸ். அந்த ரெக்கார்டை 2012-ல்தான் ட்ரூ ப்ரீஸ் முறியடித்தார். நடுவில் 1958-ல் விலா எலும்பு உடைந்து, நுரையீரலிலும் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு மேட்ச் மட்டும் ஆடவில்லை. திரும்பி வந்தவர் சட்டைக்குள் விலாவுக்குக் கவசம் கட்டிக்கொண்டு ஆடினார்.

சரி, இது எல்லாம் எண்களுக்குள் அடங்குகிற விஷயம்தான். அடங்காதது, 1958 டிசம்பர் 28.

நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். சாம்பியன்ஷிப் ஃபைனல். நியூயார்க் ஜயன்ட்ஸ் 17, பால்டிமோர் 14. மிச்சம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பந்து பால்டிமோரின் 14 கெஜக் கோட்டில், அதாவது கிட்டத்தட்ட மொத்த மைதானத்தையும் கடக்க வேண்டும். இங்கேதான் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு என்ன ஆட்டம் ஆடுவது என்று கோச்கள் முடிவு செய்து, குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் சொல்லிவிடுவார்கள். யுனைட்டஸ் காலத்தில் அது கிடையாது. வீரர்கள் வட்டமாகக் கூடும் ஹடிலில், அடுத்து என்ன என்று அவரேதான் சொல்ல வேண்டும். அதுவும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது.

அவருடைய ரிசீவர் ரேமண்ட் பெர்ரி. இவரும் 20-வது சுற்றில் எடுக்கப்பட்ட, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஆள். பிராக்டிஸ் முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு, இந்த இருவர் மட்டும் மைதானத்தில் நின்று ஒரே பாஸைத் திரும்பத் திரும்ப எறிந்து பிடித்துக்கொண்டிருப்பார்கள். பெர்ரி எத்தனையாவது அடியில் திரும்புவார் என்று யுனைட்டஸுக்கு மனப்பாடம். அதனால் பெர்ரி திரும்புவதற்கு முன்னாலேயே பந்து புறப்பட்டுவிடும்.

அன்று கடைசி நிமிடங்களில் ஜயன்ட்ஸ் ஒரு புது வேலை செய்தது. ஹார்லண்ட் ஸ்வாரே என்ற வீரரைக் கொண்டுவந்து நேராக பெர்ரியின் மூஞ்சிக்கு முன்னால் நிறுத்தியது. போட்ட பிளான் காலி. ஆனால் இப்படி ஒருத்தர் வந்து நின்றால் என்ன செய்வது என்று இருவரும் முன்பு எப்போதோ பேசிவைத்திருந்தார்கள். யுனைட்டஸ் பெர்ரியைப் பார்த்தார். பெர்ரி யுனைட்டஸைப் பார்த்தார். அவ்வளவுதான். பெர்ரி போக வேண்டிய பாதையை மாற்றி ஸ்வாரேவைத் தாண்டி உள்பக்கம் குறுக்கே ஓடினார், பந்து அங்கே இருந்தது. 25 கெஜம். அடுத்தது 15. அதற்கடுத்தது 22. மூன்றும் பெர்ரிக்கே. 7 நொடி மிச்சமிருக்க ஸ்டீவ் மைரா பந்தை உதைத்துக் கோலாக்கினார். 17-17.

ஸ்கோர்ஷீட்டில் அந்தப் பார்வைக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 25 கெஜம், ஒரு பாஸ். அவ்வளவே. பிளான் அப்படியே ஒர்க்அவுட் ஆன 25 கெஜமும், பிளான் உடைந்த பிறகு கண்ணாலேயே புதுசாக உருவான 25 கெஜமும் அங்கே ஒன்றுதான்.

என்.எஃப்.எல் சாம்பியன்ஷிப் வரலாற்றில் முதல் முறையாகக் கூடுதல் நேரம். யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. முதலில் பந்து கிடைத்த ஜயன்ட்ஸால் முன்னேற முடியவில்லை. பால்டிமோருக்கு 80 கெஜம் தேவை. யுனைட்டஸ் 13 ஆட்டத்தில் அதைக் கடந்தார். ஜயன்ட்ஸின் நடுக்காவல் வீரர் சாம் ஹஃப், பாஸைத் தடுப்பதற்காகக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்பதைக் கவனித்தார். உடனே பிளானை மாற்றி, பந்தை ஆலன் அமீச்சி கையில் கொடுத்து அந்த இடைவெளி வழியாக ஓடவிட்டார். 23 கெஜம். இந்த 23 அமீச்சியின் கணக்கில் ஓட்டமாக ஏறிவிட்டது. கண்டுபிடித்தவர் கணக்கில் பூஜ்யம்!

எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போனதும் எல்லோரும் எதிர்பார்த்தது, ரிஸ்க் எடுக்காமல் ஓடிவிட்டு, ஒரு கிக் அடித்து முடிப்பார்கள் என்றுதான். யுனைட்டஸ் ஜிம் மட்ஷெலருக்குப் பாஸ் போட்டார். எதிரணி பிடித்திருந்தால் கதை கந்தல். அடுத்த ஆட்டத்தில் ஒரு கெஜம் ஓடி அமீச்சி டச் டவுன் அடித்தார். 23-17. அமெரிக்கா முழுக்க சுமார் நாலரைக் கோடிப் பேர் அதை டி.வி-யில் பார்த்தார்கள். ஃபுட்பால் அந்த நாட்டின் நம்பர் ஒன் டி.வி விளையாட்டாக மாறியதற்கு அந்த மேட்ச்சைத்தான் ஆரம்பப் புள்ளியாகச் சொல்வார்கள். ஆட்டத்தை நடத்த மூளை போதாது என்று அனுப்பப்பட்ட பையன்தான் அன்று ஒவ்வொரு ஆட்டத்தையும் தானே தேர்ந்தெடுத்தவர். கீஸ்லிங் மேட்டர் ஞாபகம் வந்ததா?

இப்போது அந்த 78.2-க்கு வருவோம். பாஸர் ரேட்டிங் நான்கே விஷயங்களைப் பார்க்கும். எறிந்ததில் எத்தனை சரியாகப் போனது, ஒரு எறிக்கு எத்தனை கெஜம், எத்தனை சதவீதம் டச் டவுன், எத்தனை சதவீதம் எதிரணி கையில். எந்த நேரத்தில், எந்த நெருக்கடியில் என்று கேட்காது. இந்தக் கணக்குமுறையை லீக் ஏற்றுக்கொண்டதே 1973-ல், அதாவது யுனைட்டஸ் கடைசியாக ஆடிய வருடத்தில். அவர் காலத்தில் ரிசீவரை வழி முழுக்க இடித்துத் தள்ளலாம். 1978-ல்தான் அதற்கு 5 கெஜ எல்லை போட்டார்கள். அதன்பிறகு பாஸ் எண்கள் எல்லோருக்கும் ஏறத் தொடங்கின. ஆக, மஹோம்ஸையும் யுனைட்டஸையும் ஒரே ஸ்கேலில் அளந்தால் இருவருக்குமே நியாயமில்லை.

அதுக்காக எண்களே வேஸ்ட்னு நான் சொல்லப்போறதில்லை. யுனைட்டஸின் சரிவை எண்கள் சரியாகவே பிடித்தன. 1964 ஃபைனலில் கிளீவ்லேண்டிடம் 27-0 என்று தோற்றபோது அவர் எறிந்து எடுத்தது 95 கெஜம்தான், இரண்டு இன்டர்செப்ஷன். இத்தனைக்கும் அந்த வருடத்தின் சிறந்த வீரர் அவர்தான்! கடைசி வருடம் சான்டியாகோவில் 3 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன். 40 வயது, முடியவில்லை. அங்கே கதை கட்டி அவரைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

சில சமயம் எண் அவருக்குச் சாதகமாகவும் பொய் சொல்லியிருக்கிறது. 1971 ஜனவரியில் நடந்த 5-வது சூப்பர் பௌல். யுனைட்டஸ் கணக்கில் 75 கெஜ டச் டவுன் பாஸ் ஒன்று இருக்கிறது. செம மாஸ் என்று தோன்றும். உண்மையில் அந்தப் பந்து எடி ஹின்டனுக்குப் போட்டது. அவர் கையில் பட்டு, எதிரணி வீரர் விரலையும் உரசி, பின்னால் வந்த ஜான் மேக்கியிடம் தற்செயலாகச் சிக்கியது. அந்த மேட்ச்சில் யுனைட்டஸ் 9 எறிந்து 3 மட்டுமே சரி. அடிபட்டு வெளியே போனார், மாற்று வீரர் ஏர்ல் மோரல் ஆடி முடித்தார். கோல்ட்ஸ் 16-13 வெற்றி. யுனைட்டஸுக்கும் சாம்பியன் மோதிரம். கோப்பையை வைத்து மட்டும் ஒருத்தரை எடைபோடுகிறவர்கள் இந்த மேட்ச்சின் ரீப்ளேயை ஒருமுறை பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், அவரை அளக்கச் சரியான இடம் அவரோடு ஹடிலில் நின்ற பத்துப் பேர்தான். 1960-ல் சிகாகோவில் நடந்ததைக் கதைபோலச் சொல்வார்கள். மூக்கில் அடிபட்டு ரத்தம் நிற்கவில்லையாம். சக வீரர் அலெக்ஸ் சாண்டஸ்கி தரையிலிருந்து மண்ணை அள்ளி மூக்கில் அடைத்தாராம். அடுத்த சில நொடிகளில் லென்னி மூருக்கு யுனைட்டஸ் எறிந்த பந்துதான் வெற்றி டச் டவுன். அப்படி ஒருத்தர் ஹடிலில் நின்று அடுத்து என்ன என்று சொன்னால், மற்ற பத்துப் பேரும் எப்படி ஓடியிருப்பார்கள்?

1968-ல் முழங்கையில் பட்ட அடி அவரை விடவே இல்லை. வயதான காலத்தில் அந்த வலது கை விரல்கள் சரியாக மூடாது. கோல்ஃப் ஆட, மட்டையைக் கையோடு வெல்க்ரோ பட்டையால் கட்டிக்கொள்வார். 1984-ல் கோல்ட்ஸ் டீம் பால்டிமோரை விட்டு இண்டியானாபோலிஸுக்குப் போனபோது, அந்த டீமோடு உறவையே வெட்டிக்கொண்டார். அவர் பால்டிமோர்க்காரராகவே இருந்தார்.

2002 செப்டம்பர் 11, மாரடைப்பு. 69 வயது.

யுனைட்டஸ் எப்போதும் கணுக்காலை மூடும் கறுப்பு ஷூதான் போடுவார். அந்த வார மேட்ச்சில் அவர் நினைவாக அதே மாதிரி ஷூ போட விரும்பினார் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸின் பேட்டன் மேனிங். லீக் அனுமதிக்கவில்லை, அவரும் போடவில்லை. பால்டிமோரில் இப்போது ரேவன்ஸ் என்ற புது டீம். அதன் குவார்ட்டர்பேக் கிரிஸ் ரெட்மன், யுனைட்டஸ் படித்த அதே லூயிவில் பல்கலைக்கழகத்துப் பையன். அவர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கறுப்பு ஷூவோடு இறங்கினார். மேட்ச் 25-0 என்று தோல்வி. லீக் போட்ட அபராதம் 5,000 டாலர்.