அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?

தருமபுரியில் என் மாணவர்கள் கணினி கணித்துத் தரும் புரத வடிவத்தை அப்படியே நம்பிவிடும்போது, நான் ஜி.என்.ராமச்சந்திரனின் கதையைச் சொல்வேன். எர்ணாகுளத்தில் பிறந்த அவர், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு மூன்றிழை மாதிரியை முன்வைத்தார். கங்காரு வால் தசைநாரின் எக்ஸ் கதிர்ப் படங்களே ஆதாரம். அதில் அணுக்கள் அளவுமீறி நெருங்குகின்றன என்று கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் குறை கூறினர்.

எவ்வளவு நெருக்கம் தகும்? ராமச்சந்திரன் ஊகிக்கவில்லை, வெளியான படிகத் தரவுகளிலிருந்து கணக்கெடுத்தார். அந்த எல்லைகளைக் கொண்டே 1963-இல் சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோருடன், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்னும் வரைபடத்தை வெளியிட்டார். ஆய்வகத்தில் கண்டதையும் கணினி கணித்ததையும் இன்றும் அதில் வைத்தே சரிபார்க்கிறார்கள். நோபல் கிடைக்காமலே 2001-இல் சென்னையில் மறைந்தார்.