மூணுல ஒண்ணு 'ஜி': கொலாஜன் புதிரை கிண்டியில் அவிழ்த்த ஜி.என்.ராமச்சந்திரன்

சிட்லபாக்கத்தில் இருந்து சானடோரியம் ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கிண்டி. அங்கே சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952-ல் தலைவராக வந்தார் ஜி.என்.ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்தவர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவர், சர் சி.வி.ராமனின் சீடர். அப்போது வயது 30 கூட ஆகவில்லை!

தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் கொலாஜன். அதன் வடிவம் யாருக்கும் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ்-ரே படங்கள் எடுத்தார்.

புரதம் என்பது அமினோ அமிலங்களை எழுத்துகளாகக் கோத்த நீள வரி. இன்று இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்து எங்கே பொருந்துது, எங்கே மாறுதுன்னு கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும். அன்று கொலாஜனின் முழு வரியே தெரியாது. தெரிந்தவற்றில் முக்கியமானது, மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது. அதுதான் இருப்பதிலேயே குட்டி அமினோ அமிலம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டால் நடுவில் இடமே இருக்காது. அங்கே கிளைசின் மட்டும்தான் நுழையும். அப்படியென்றால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் 'ஜி' இருந்தாக வேண்டும். 1954-ல் நேச்சர் இதழில் இந்த மும்முறுக்கு வடிவம் வந்தது.

இன்று வரிகளை ஒப்பிடும்போது அந்த 'ஜி' ஒரே ஒரு இடத்தில் மாறியிருந்தாலும் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். எலும்பு சட்டுசட்டென்று உடையும் பிறவி நோய்க்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் சிக்கல் அப்போதே வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், இந்த மாடலில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். விவரங்களில் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, மும்முறுக்கு நிலைத்தது.

ராமச்சந்திரன் முறைத்துக்கொண்டு உட்காரவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, வெளியான படிக ஆய்வுகளை எல்லாம் அலசினார். ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் 1963-ல் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் முடியாது என்பதை ஒரே கட்டத்தில் காட்டும் படம். நோபல் பரிசு அவருக்கு வரவே இல்லை.

1970-களில் பெங்களூருக்குப் போனார். 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். ஏ.ஐ. கணிக்கும் புரத வடிவங்களைக்கூட இப்போதும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.