அலைமேல் பிறந்த பாட்டு
கடற்கரைப் பையன் டென்னிஸ் வில்சனின் கதை

சீறி வரும் கடல் அலைமேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் நின்றபடியே கரைவரை சறுக்கி வருவது ஒரு விளையாட்டு. அதற்கு "சர்பிங்" என்று பெயர். ஹவாய்த் தீவு மக்கள் நெடுங்காலமாக ஆடிவந்த விளையாட்டு அது. பின்னர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியாவுக்கும் பரவியது.

அந்த விளையாட்டைப் பாட்டாகப் பாடி உலகப் புகழ் பெற்றது ஒரு குழு. அதன் பெயர் "பீச் பாய்ஸ்". கடற்கரைப் பையன்கள் என்று அர்த்தம். குழுவில் ஐந்து பேர். ஆனால் அலைச் சவாரியே கதி என்று கிடந்தவன் அவர்களில் ஒருவன்தான். அவன்தான் டென்னிஸ் வில்சன்.

மூன்று சகோதரர்கள்

டென்னிஸ் 1944-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி கலிபோர்னியாவில் பிறந்தான். ஹாதார்ன் என்ற ஊரில் வளர்ந்தான். அண்ணன் பிரையன். தம்பி கார்ல். மூவரும் ஒரே அறையில் படுத்து உறங்கி வளர்ந்தவர்கள்.

தந்தை இயந்திர வியாபாரி. பாட்டு எழுதும் ஆசையும் அவருக்கு உண்டு. ஆனால் மிகுந்த முன்கோபி. பிள்ளைகளை அடிப்பார். அதிகம் அடிபட்டவன் நடுப்பிள்ளை டென்னிஸ்தான். வீட்டில் தங்காமல் கடற்கரைக்கு ஓடிவிடுவான். கடல் சில மைல் தூரத்தில்தான் இருந்தது. அலைகள் அவனை அடித்தன. ஆனால் கோபத்தால் அடிக்கவில்லை.

பிரையனுக்குச் சங்கீதமே உயிர். ஒரு காது ஏறக்குறைய செவிடு. ஆனாலும் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதில் உள்ள குரல்களைத் தனித்தனியே பிரித்துவிடுவான். தம்பிகளுக்கும் பாடக் கற்றுக் கொடுத்தான். அத்தை மகன் மைக் லவ், நண்பன் அல் ஜார்டின் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

டென்னிஸைச் சேர்ப்பதில் அண்ணனுக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. தாயார்தான் அவனையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினார். கடைசியில் அவனுக்கு டிரம் அடிக்கும் வேலை கிடைத்தது.

தம்பி சொன்ன யோசனை

1961-ம் ஆண்டு. எதைப் பற்றிப் பாடுவது என்று குழுவினர் யோசித்துக் கொண்டிருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சர்பிங் பைத்தியமாக இருக்கிறார்கள், அதைப் பற்றி யாருமே பாடவில்லையே என்றான் டென்னிஸ். வேண்டாம் என்று ஒதுக்கப்பட இருந்த தம்பி சொன்ன யோசனை அது!

பிரையனும் மைக்கும் "சர்பின்" என்ற பாட்டை எழுதினார்கள். பெற்றோர் மெக்சிகோவுக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டுக்கு வைத்துவிட்டுப் போன பணத்தில் வாத்தியங்களை வாடகைக்கு எடுத்து ஒத்திகை பார்த்தார்கள் என்று சொல்வார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் இசைத்தட்டு வெளிவந்தது. குழுவுக்கு முதலில் அவர்கள் வைத்த பெயர் "பெண்டில்டோன்ஸ்". ஆனால் கம்பெனியார் தட்டில் "பீச் பாய்ஸ்" என்று அச்சிட்டுவிட்டார்கள். தட்டு கைக்கு வந்த பிறகுதான் பையன்களுக்கே அது தெரிந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பாட்டு அமெரிக்க வரிசையில் 75-வது இடம் பிடித்தது.

எந்தப் பாட்டுகளைக் கேட்பது?

புதிதாகக் கேட்பவர்கள் 1963-ம் ஆண்டு வந்த "சர்பின் யு.எஸ்.ஏ." என்ற பாட்டிலிருந்து தொடங்கலாம். சக் பெர்ரி என்ற நீக்ரோ இனப் பாடகரின் மெட்டு. அதில் கடற்கரைகளின் பெயர்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கால் தானாகவே தாளம் போடும். மேடையில் டென்னிஸ் தட்டும் டிரம்மில் இலக்கணம் குறைவு, வேகம் அதிகம். மேடையில் அவரைப் பார்க்கவே பெண்கள் கூட்டம் கூடியது.

அடுத்து "சர்பர் கேர்ள்". இது மெதுவான பாட்டு. தாலாட்டுப் போல இருக்கும். பிறகு "இன் மை ரூம்". இதில் கடலும் இல்லை, அலையும் இல்லை. அறைக்குள் தனியே ஆறுதல் தேடும் ஒரு பையனின் மனம் மட்டுமே இருக்கிறது. அந்த வீட்டின் கதை தெரிந்தவர்களுக்கு அது நெஞ்சைத் தொடும்.

1964-ல் "ஐ கெட் அரவுண்ட்" அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்தது. 1966-ல் "பெட் சவுண்ட்ஸ்" என்ற நீண்ட இசைத்தட்டு வந்தது. அதில் "காட் ஒன்லி நோஸ்" என்ற பாட்டை இளையவர் கார்ல் பாடினார். அதே ஆண்டில் வந்த "குட் வைப்ரேஷன்ஸ்" என்ற ஒரே பாட்டைப் பல மாதங்கள் பதிவு செய்தார் பிரையன்!

தனக்கென்று ஒரு குரல்

அண்ணனின் மேதைமைக்குப் பின்னால் டென்னிஸ் மறைந்தே இருந்தார். அவரை டிரம் அடிப்பவர் என்று மட்டுமே உலகம் நினைத்தது. அவரோ பியானோ முன் அமர்ந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கினார். 1970-ல் வந்த "பாரெவர்" என்ற காதல் பாட்டைக் கேட்டவர்கள் வியந்து போனார்கள்.

1971-ல் ஒரு சினிமாவிலும் நடித்தார். 1977-ல் "பசிபிக் ஓஷன் புளூ" என்ற இசைத்தட்டைத் தனியாக வெளியிட்டார். குழுவினரில் தனி இசைத்தட்டு வெளியிட்ட முதல் ஆள் அவர்தான். அதில் அவரது குரல் கரகரத்திருக்கும். ஆனால் உண்மை பேசும் குரல் அது.

குடி கெடுத்தது

புகழ் வந்தது, பணம் வந்தது, குடியும் போதைப் பழக்கமும் கூடவே வந்தன. குடும்ப வாழ்க்கை சிதைந்தது. பணம் கரைந்தது. "ஹார்மனி" என்ற பெயரில் ஆசையாக வைத்திருந்த பாய்மரப் படகும் கைவிட்டுப் போயிற்று.

1983-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே மரினா டெல் ரே படகுத் துறையில், ஒரு நண்பரின் படகில் இருந்தார் டென்னிஸ். தமது படகு முன்பு நின்ற இடம் பக்கத்திலேயே இருந்தது. அன்று நிறையக் குடித்திருந்தார். முன்பு தாமே தண்ணீரில் வீசிய பொருள்களைத் தேடி எடுக்க மூழ்கினார். குளிர் காலம், தண்ணீர் மிகவும் சில்லென்று இருந்தது. மறுபடியும் மூழ்கினார். உயிரோடு எழவில்லை. அப்போது வயது 39.

கடலிலேயே அடக்கம் செய்யக் குடும்பத்தார் விரும்பினார்கள். சாதாரண மக்களுக்கு எளிதில் கிடைக்காத அனுமதி அது. ஜனாதிபதி ரீகன் உதவினார். 1984 ஜனவரி 4-ந் தேதி டென்னிஸின் உடல் பசிபிக் கடலில் இறக்கப்பட்டது.

தம்பி கார்ல் 1998-ல் புற்றுநோயால் இறந்தார். பிரையன் 82 வயதுவரை வாழ்ந்து 2025-ல் காலமானார். டென்னிஸின் தனி இசைத்தட்டு 2008-ல் மீண்டும் வெளிவந்து, உயிரோடு இருந்தபோது கிடைக்காத பாராட்டுகளைப் பெற்றது.

பெரிய அலைகளுக்கு அஞ்சாதவரைக் குடி, கரை ஓரத்துத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டது. ஆனால் 1961-ல் அந்தப் பதினாறு வயதுப் பையன் சொன்ன ஒரு யோசனையில் பிறந்த பாட்டுகள் இன்றும் கேட்கின்றன. கடலையே பார்த்திராத ஊர்களிலும் அவை அலை ஓசையை எழுப்புகின்றன.