இதயம் வரைந்த கோடுகள்

மருத்துவமனையில் நோயாளியின் மார்பிலும் கைகால்களிலும் கம்பிகளைப் பொருத்தி இதயத்தின் இயக்கத்தைப் பதிவு செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். தாளில் மேலும் கீழுமாக ஓடும் அக்கோடுகளே இதய மின்வரைபடம். மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்த வழிவகுத்தவர் வில்லெம் ஐந்தோவன்.

ஐந்தோவன் 1860ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ஜாவாத் தீவின் செமாராங் நகரில் பிறந்தார். அப்போது அது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. மருத்துவரான தந்தை, அவர் சிறுவனாக இருந்தபோதே காலமானார். தாயார் தம் ஆறு பிள்ளைகளுடன் நெதர்லாந்துக்குச் சென்று உட்ரெக்ட் நகரில் குடியேறினார். அங்கே மருத்துவம் பயின்ற ஐந்தோவன், தமது 25ஆம் வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

அக்காலத்தில் மருத்துவர்கள் நாடியைத் தொட்டும் மார்பின் ஓசையைக் கேட்டுமே இதய நோயை அறிய முயன்றனர். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் அதனை உடலின் வெளிப்புறத்திலிருந்தே பதிவு செய்து காட்டினார். ஆனால், அவர் பயன்படுத்திய கருவி மெதுவாக இயங்கியதால் கோடுகள் தெளிவாக அமையவில்லை. ஐந்தோவன் அக்கோடுகளைக் கணக்கிட்டுத் திருத்திப் பார்த்தார். அது மிகவும் கடினமான வேலை. எனவே, புதிய கருவி ஒன்றை உருவாக்கத் துணிந்தார்.

பல ஆண்டு உழைப்புக்குப் பின் அக்கருவி உருவானது. வலிமையான மின்காந்தத்தின் நடுவே, வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்று தொங்கியது. இதயத்தின் மின்னோட்டம் பாயும்போது இழை அசையும். அந்த அசைவு ஒளிப்படமாகப் பதிவாகும். கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோகிராம். அதனை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். நோயாளி தம் கைகளையும் இடது காலையும் உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய கருவியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முடியவில்லை. நோயாளிகளையும் ஆய்வுக்கூடத்திற்கு எளிதில் அழைத்து வர இயலவில்லை. ஐந்தோவன் சோர்ந்துவிடவில்லை. 1905இல், ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையையும் ஆய்வுக்கூடத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். நோயாளி அங்கிருக்க, அவருடைய இதயத் துடிப்பு இங்கே பதிவானது!

ஆனால், கோடுகளைப் பதிவு செய்வது மட்டும் போதுமா? அவற்றின் பொருளையும் அறிய வேண்டும் அல்லவா? ஐந்தோவன் அலைகளுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டார். பி அலை, இதயத்தின் மேலறைகளின் இயக்கத்தைக் காட்டுகிறது. அடுத்து வரும் மூன்றும் கீழறைகளின் இயக்கத்தைக் காட்டுகின்றன. கீழறைகள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதை டி அலை உணர்த்துகிறது.

லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் இக்கருவியைத் தம் நோயாளிகளிடம் பயன்படுத்தினார். சிலருக்கு நாடி ஒழுங்கின்றித் துடித்தது. அவர்களுடைய வரைபடங்களில் பி அலை காணப்படவில்லை. அதற்குப் பதிலாகச் சிறு நடுக்கங்களே தெரிந்தன. மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குவதே அதற்குக் காரணம் என அவர் கண்டறிந்தார். இவ்வாறு, நோயாளியையும் வரைபடத்தையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர்கள் அக்கோடுகளைப் படிக்கக் கற்றனர்.

1924இல் ஐந்தோவனுக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு உரையில் அவர் லூயிஸின் பங்களிப்பையும் போற்றினார். 1927இல் அவர் மறைந்தார். கருவி இன்று கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறியதாகிவிட்டது. எனினும், ஐந்தோவன் சூட்டிய ஐந்து எழுத்துகளைக் கொண்டே மருத்துவ மாணவர்கள் இன்றும் இதயத்தின் மொழியைக் கற்கின்றனர்.