கடலைச் செடியில் கடவுளைக் கண்டவர்

கற்றவன் கடவுளை மறப்பான் என்பாரும் உளர். கடவுளை நம்புகிறவன் ஆராய்ச்சிக்கு அஞ்சுவான் என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளுக்கும் அடங்காமல் வாழ்ந்து காட்டிய பெருமகனார் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றினார். அவர் அடிமையாகப் பிறந்தவர்; தாயின் முகம் அறியாதவர்; நிறத்தின் காரணமாகக் கல்லூரி வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். பின்னாளில் உலகம் அறிந்த வேளாண் அறிவியல் அறிஞராக உயர்ந்தவர். அவரே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நம் சங்கத்தின் கல்விப் பணி இருபத்தைந்து ஆண்டு நிறைவெய்தும் இவ்வேளையில், அப்பெரியாரின் வாழ்க்கையை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் பெரிதும் பயன் தரும்.

பெயரும் பிறர் உடைமை

கார்வர் பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. 1864ஆம் ஆண்டளவில் மிசௌரி மாநிலத்தில், டைமண்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் அவர் பிறந்தார் என்பர். அன்னையாரின் பெயர் மேரி. அப்பண்ணையின் உரிமையாளரான மோசஸ் கார்வர் என்பவர் 700 டாலர் கொடுத்து விலைக்கு வாங்கிய அடிமைப் பெண் அவர். தந்தையார் பக்கத்துப் பண்ணையின் அடிமை. மகனை வளர்க்கும் பேறு பெறாமலே விபத்தொன்றில் மாண்டார் என்று சொல்லப்படுகிறது. உள்நாட்டுப் போர் நடந்த அந்நாளில், அடிமைகளைத் திருடி விற்கும் கூட்டத்தார் தாயையும் கைக்குழந்தையையும் கடத்திச் சென்றனர். குழந்தை மட்டும் மீட்கப்பட்டது. அதற்கு ஈடாக மோசஸ் கார்வர் ஒரு குதிரையைக் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தாயார் திரும்பி வரவேயில்லை.

1865இல் அம்மாநிலத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் அனாதைகளாகிவிட்ட ஜார்ஜையும் அவருடைய அண்ணன் ஜிம்மையும் வளர்த்தனர். ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. ஆகவே வயல் வேலைக்குப் போகாமல் சமையல், தையல், துணி வெளுத்தல், தோட்ட வேலை ஆகியவற்றைக் கற்றுக்கொண்டார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் காட்டுக்குள் ஓடிவிடுவார். அங்கே பிறர் கண்ணில் படாத இடத்தில் சிறு தோட்டமொன்று வைத்திருந்தார். வாடிய செடிகளை அங்கே கொண்டுபோய்ப் பிழைக்க வைப்பார். அக்கம்பக்கத்தார் அவரைச் செடி வைத்தியர் என்றே அழைக்கலாயினர்.

அருகிலிருந்த பள்ளி வெள்ளையர் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. எனவே பன்னிரண்டு வயதளவில், பல கல் தொலைவிலுள்ள நியோஷோ என்னும் ஊருக்குத் தனியே நடந்து சென்றார். கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் அங்கே இருந்தது. துணி வெளுத்தும் மகப்பேறு பார்த்தும் பிழைத்து வந்த மரியா வாட்கின்ஸ் என்னும் கறுப்பின அம்மையார் அவருக்குத் தம் வீட்டில் இடம் அளித்தார். அதுவரை கார்வருடைய ஜார்ஜ் என்றே அவர் தம் பெயரைச் சொல்லி வந்தார். இன்னாருடைய பொருள் என்று அறிவிக்கும் பெயர் அது. இனி ஜார்ஜ் கார்வர் என்றே சொல்லவேண்டும் என்று அவ்வம்மையார் திருத்தினார். ஒரு வேற்றுமை உருபு நீங்கியது. ஒரு மனிதர் தோன்றினார். அவ்வம்மையார் அளித்த திருமறைப் பிரதியைக் கார்வர் வாழ்நாள் முழுதும் போற்றி வைத்திருந்தார். கற்றதைத் தம் மக்களுக்கே திருப்பித் தரவேண்டும் என்ற அறிவுரையையும் அவர் மறக்கவில்லை.

மூடிய கதவுகள்

நியோஷோவில் கற்பதற்கு அதிகம் இல்லை என்று கண்டு, கான்சாஸ் மாநிலத்திற்குச் சென்றார். அங்கே போர்ட் ஸ்காட் என்னும் ஊரில், 1879ஆம் ஆண்டு, கறுப்பின மனிதர் ஒருவரை வெள்ளையர் கும்பல் அடித்துத் தூக்கிலிட்ட கொடுமையைக் கண்ணாரக் கண்டார். அவ்வூரை விட்டே வெளியேறினார். ஊர் ஊராகச் சென்று, துணி வெளுத்தும் சமைத்தும் ஈட்டிய பணத்தில் உயர்நிலைப் படிப்பை முடித்தார். பின்னர் ஹைலண்ட் என்னும் ஊரிலிருந்த கல்லூரிக்கு அஞ்சல் வழியே விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. ஆனால் நேரில் சென்றபோது, அவர் நிறத்தைக் கண்டு திருப்பி அனுப்பிவிட்டனர். மடலில் தகுதி பெற்றவர் முகத்தில் தகுதி இழந்தார்! இத்தகைய நிகழ்ச்சி நம் பெரியோர் பலருக்குப் புதிதன்று என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

சில ஆண்டுகள் படிப்பு தடைப்பட்டது. கான்சாஸ் சமவெளியில் மண்கட்டிகளால் ஒரு குடில் எழுப்பி நிலத்தை உழுது வாழ்ந்தார். பின்னர் ஐயோவா மாநிலம் சென்று, 1890இல் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்தார். ஓவியமும் இசையும் பயின்றார். மலர்களையும் செடிகளையும் அவர் தீட்டிய நுட்பத்தைக் கண்ட எட்டா பட் என்னும் ஆசிரியை, தாவரவியல் பயிலுமாறு தூண்டினார். அதன்படி 1891இல் ஏம்ஸ் நகரிலுள்ள ஐயோவா மாநில வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவரே. 1894இல் இளநிலைப் பட்டமும், 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, அங்கேயே முதல் கறுப்பின ஆசிரியராகவும் அமர்ந்தார். இடையே, 1893ஆம் ஆண்டு சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய ஓவியம் ஒன்று இடம் பெற்றது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். கல்லூரி நாள்களில் பிற மாணவர்களின் துணிகளை வெளுத்தே அவர் வயிறு வளர்த்தார். அத்தொழிலை அவர் இழிவாகக் கருதவில்லை. ஆனால் அதுவே தம் தலைவிதி என்றும் கருதவில்லை. தொழிலைப் பிறப்போடு கட்டி வைத்தது உலகம். அவர் அதைப் படிப்போடு கட்டினார். உழைப்பின் மேன்மையைப் பேசுகிறவர்கள் இவ்வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

குப்பையில் கிடைத்த ஆய்வுக்கூடம்

அலபாமா மாநிலத்தில் டஸ்கெகி என்னுமிடத்தில், 1881இல் புக்கர் டி. வாஷிங்டன் கறுப்பின மக்களுக்கென ஒரு கல்வி நிலையம் தொடங்கியிருந்தார். அவர் 1896இல் கார்வரை அழைத்தார். ஏம்ஸில் இருந்திருந்தால் வசதியும் புகழும் கிட்டியிருக்கும். கார்வரோ ஆண்டுக்கு 1,000 டாலர் ஊதியத்தில் டஸ்கெகிக்குச் சென்று, இறக்கும்வரை 47 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

சென்றதும் அவர் கண்டது வெற்று அறை. கருவிகள் இல்லை. அவர் மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பை மேடுகளுக்குச் சென்றார். உடைந்த புட்டிகள், பழைய பாத்திரங்கள், கம்பித் துண்டுகள் ஆகியவற்றைப் பொறுக்கி வந்து ஆய்வுக் கருவிகளாக மாற்றினார். இறைவன் படைப்பில் வீண் என்று ஒன்றும் இல்லை. அதன் பயனை அறியாத மனிதரே உண்டு என்பது அவர் கொள்கை. மனிதரையே கழிவெனத் தள்ளிவைத்த ஒரு நாட்டில், இப்பாடம் வேதியியல் வகுப்போடு நின்றுவிடவில்லை. ஒதுக்கப்பட்ட புட்டிக்குப் பயன் உண்டென்றால், ஒதுக்கப்பட்ட மனிதனுக்கு எவ்வளவு பயன் உண்டு என்பதை அம்மாணவர்கள் தாமே உணர்ந்திருப்பர்.

மண் சொன்ன பாடம்

அந்நாளில் அலபாமாவின் உழவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலமின்றி வாரத்துக்கு உழுதவர்கள். ஆண்டுதோறும் பருத்தி ஒன்றையே விதைத்து வந்தமையால் மண் சத்திழந்து போயிற்று. கார்வர் காராமணி, வேர்க்கடலை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடச் சொன்னார். காராமணி, கடலை போன்ற பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தழைச்சத்தாகத் தருகின்றன. விலை கொடுத்து உரம் வாங்க இயலாத ஏழைக்குக் காட்டுச் சருகையும் சதுப்புநில மண்ணையும் உரமாக்கும் வழியையும் கற்பித்தார். எடுத்ததையே எடுத்துக்கொண்டிருந்தால் மண்ணும் மலடாகும். எடுத்தவன் திருப்பித் தரவும் வேண்டும். அவர் இதனை வேளாண் விதியாக மட்டும் கொள்ளவில்லை. மண்ணை வஞ்சிப்பது அதைப் படைத்தவரை வஞ்சிப்பதாகும் என்று கருதினார்.

நாம் மணிலாக் கொட்டை என்றும், பேச்சு வழக்கில் மல்லாட்டை என்றும் சொல்லும் வேர்க்கடலையே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. பூ வெளிச்சத்தில் பூக்கிறது. பூ வாடியபின் விழுது இறங்கி மண்ணுக்குள் புகுந்து, எவர் கண்ணிலும் படாமல் காய்க்கிறது. அக்கொட்டையிலிருந்து பால், மாவு, எண்ணெய், சாயம் என்று ஏறத்தாழ 300 பொருள்கள் செய்ய வழி கண்டார் என்று கூறுவர். 1916இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் கடலையைச் சமைக்கும் 105 முறைகள் உள்ளன. பருத்தியைக் கூன்வண்டு அழித்து வந்த காலமாதலால், மாற்றுப் பயிரும் மாற்று உணவும் ஏழைகளுக்கு உயிர்காப்பாயின. பேரண்டத்தின் பொருளை அறிய இறைவனை வேண்டியதாகவும், அது உன் அளவுக்குப் பெரிது என்று விடை வந்ததாகவும், இறுதியில் ஒரு கடலைக் கொட்டையைப் பற்றிக் கேட்க அனுமதி கிடைத்ததாகவும் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சிறியதை முற்றக் கற்பவனே பெரியதை நெருங்குவான் என்பது அதன் உட்பொருள்.

கல்வி நிலையத்துக்கு வர இயலாத உழவர்களை நாடிக் கல்வியே சென்றது. 1906இல் குதிரை பூட்டிய வண்டியொன்றில் விதைகளும் கருவிகளும் ஏற்றிச் சிற்றூர்தோறும் அனுப்பும் திட்டம் தொடங்கியது. வண்ணம் வாங்க வழியற்றவர்க்கு, காலடியில் கிடக்கும் களிமண்ணிலிருந்தே சுவர்களுக்கு வண்ணம் எடுக்கக் கற்பித்தார். ஏழையின் குடிசையும் அழகாயிருக்கவேண்டும் என்பது அவர் ஆவல்.

அதிகாலைக் காடும் ஞாயிறு வகுப்பும்

நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து காட்டுக்குள் நடப்பது கார்வரின் வழக்கம். அதுவே அவருடைய செபவேளை. அதுவே ஆராய்ச்சியின் தொடக்கமும். செடி, காளான், மண், கல் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு நேரே ஆய்வுக்கூடம் செல்வார். சட்டையில் ஒரு மலரைச் செருகியிருப்பார்.

1907இல் மாணவர்கள் சிலர் வேண்டியதற்கிணங்க ஞாயிறு மாலைகளில் திருமறை வகுப்பு நடத்தத் தொடங்கினார். வருகை கட்டாயமில்லாதிருந்தும் அவ்வகுப்பு நிறைந்து வழிந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடைபெற்றது. படைப்பின் கதையைச் சொல்லும்போது படைப்பிலிருந்தே சான்று காட்டுவார். இயற்கை இறைவனின் திறந்த நூல்; அதைப் படிக்கக் கண்ணும் பொறுமையும் வேண்டும் என்று கற்பித்தார்.

நம்பிக்கையும் நூலறிவும்

1921இல் கடலை இறக்குமதி வரி பற்றி அமெரிக்கப் பேராயத்தின் குழுவொன்றின் முன் பேச அவருக்குப் பத்து நிமிடம் தரப்பட்டது. தொடக்கத்தில் ஏளனம் செய்த உறுப்பினர்களே, அவர் ஒவ்வொரு பொருளாக எடுத்துக்காட்டி விளக்கியதும், நேரத்தை மேன்மேலும் நீட்டித்தனர்.

1924இல் நியூயார்க் தேவாலயமொன்றில் பேசியபோது, தம் ஆய்வுக்கூடத்துள் நூல்கள் நுழைவதில்லை என்றும், இறைவனே வழிகாட்டுகிறார் என்றும் கூறினார். இது அறிவியலாகாது என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கண்டித்தது. கார்வர் தாம் கற்ற கல்லூரிகளையும், பயின்ற அறிஞர்களின் நூல்களையும் வரிசையாகக் குறித்து மறுமொழி எழுதினார். இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கொள்ளவேண்டியது தெளிவு. அவர் செபித்தார், ஆனால் செபத்தைப் படிப்புக்கு மாற்றாகக் கொள்ளவில்லை. முப்பது வயதைக் கடந்தும் மாணவராய் அமர்ந்து பட்டம் பெற்றவர் அவர். தேர்வுக்கு முன் விளக்கேற்றிவிட்டுப் புத்தகத்தைத் திறவாத பிள்ளைக்குக் கார்வரின் வாழ்வில் ஆதரவு கிடைக்காது.

குறைகூறுவோர்க்கு

கார்வரைப் பற்றி மிகைப்படச் சொல்லப்பட்டவையும் உண்டு. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது தவறு. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. அவருடைய பொருள்களில் வணிகத்தில் நிலைத்தவை மிகச் சில. நிறவெறிக்கு எதிராக அவர் உரத்துக் குரல் கொடுக்கவில்லை என்று அவர் இனத்தாரே வருந்தினர். இவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. உரிமைக்குப் போராடுவோர் இன்றி எந்தச் சமுதாயமும் எழுந்ததில்லை. அண்ணல் அம்பேத்கரின் வழிவந்த நமக்கு அதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் வென்றெடுத்த உரிமையைப் பயன்படுத்த, சத்துள்ள உணவும், விளையும் மண்ணும், கற்ற மூளையும் வேண்டும். அவற்றை வளர்த்தவர் கார்வர். 1923இல் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடும் அமைப்பே அவருக்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது.

மணம் புரியாது எளிமையாய் வாழ்ந்த அவர், தம் சேமிப்பான ஏறத்தாழ 60,000 டாலரையும் டஸ்கெகியின் ஆராய்ச்சிப் பணிக்கே அளித்தார். 1943 ஜனவரி 5ஆம் நாள் இயற்கை எய்தினார். புக்கர் டி. வாஷிங்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு, அவர் பிறந்த பண்ணை நாட்டின் நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கறுப்பின அமெரிக்கர் ஒருவருக்கென அந்நாடு அமைத்த முதல் தேசிய நினைவிடம் அதுவேயாகும். தாயும் மகனும் விலைப்பொருளாயிருந்த மண், நாட்டின் சொத்தாயிற்று.

இளைஞர்களே! நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் ஆகுக. நாளைக் காலை வயல் வரப்பிலோ தெருவோரத்திலோ நிற்கும் ஒரு செடியின் முன் சற்றே நில்லுங்கள். அதன் பெயரைக் கேட்டறியுங்கள், வேரைப் பாருங்கள், பள்ளிக்கு வந்து நூலில் தேடுங்கள். பட்டம் பெற்றபின், உங்களுக்கு முதன்முதல் இடம் கொடுத்த தெருவுக்குத் திரும்பி வந்து, அங்குள்ள ஒரு பிள்ளைக்கேனும் எழுத்தறிவியுங்கள். மரியா அம்மையார் கார்வரிடம் கேட்ட கடன் அதுவே. நம் சங்கம் உங்களிடம் கேட்பதும் அதுவே.