சிரிப்புக்குள் மறைந்த துயரம்

இலண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்திலிருந்து பென்டன்வில் வீதி வழியே மேலே நடப்போர் ஒரு சிறு பூங்காவைக் காண்பர். அங்கே இரும்பு வேலி சூழ்ந்த கல்லறையில் துயில்பவர் ஜோசப் கிறிமால்டி. உலகெங்குமுள்ள கோமாளிக் கலைஞர்கள் தம் முன்னோராகப் போற்றுவது இவரைத்தான்.

இவரின் தந்தையார் இத்தாலியிலிருந்து இந்நகருக்கு வந்து குடியேறிய நடனக் கலைஞர், கடுஞ்சினம் மிக்கவர். 1778 டிசெம்பர் 18 இல் பிறந்த மகனை மூன்று வயது நிறையுமுன்னரே மேடையேற்றினார். 1788 இல் அவர் மறைந்தபோது சிறுவனுக்கு வயது ஒன்பது. சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்தார் அவனது வாரச் சம்பளத்தை 15 சிலிங்கிலிருந்து 3 சிலிங்காகக் குறைத்தனர். குடும்பச் சுமை அப்போதே அவன் தோளில் ஏறியது.

1800 ஒக்ரோபரில் இளம் மனைவி மரியா பிரசவத்தின்போது மாண்டார், குழந்தையும் தங்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பரிலேயே டுறூறி லேன் அரங்கில் கிறிமால்டி மக்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். 1806 டிசெம்பர் 29 இல் கொவென்ற் கார்டனில் அரங்கேறிய 'மதர் கூஸ்' தொண்ணூறு இரவுகளுக்கு மேல் ஓடியது. வெண்பூச்சும் கன்னச் சிவப்பும் கொண்ட அம்முகத்தை இலண்டன் முழுவதும் அறிந்தது. அப்பூச்சின் கீழிருந்த முகத்தை அறிந்தோர் சிலரே.

மனச்சோர்வுற்ற ஒருவர் மருத்துவரை நாடினாராம். கிறிமால்டியின் ஆட்டத்தைப் பார்த்தால் நோய் தீருமென மருத்துவர் கூற, தாமே அந்தக் கிறிமால்டி என்றாராம் வந்தவர். இது கட்டுக்கதையாகவே இருக்கலாம். எனினும் அவரது வாழ்வு அக்கதைக்குப் பொருந்தியே இருந்தது.

இரவு தோறும் விழுந்தும் புரண்டும் நடித்ததில் மூட்டுகள் சிதைந்தன. 1823 இல் மேடையை விட்டு விலகினார். 1828 யூன் 27 இல் டுறூறி லேனில் விடைபெற்றபோது நிற்க இயலாது, நாற்காலியில் அமர்ந்தபடியே நடித்தார். தந்தையின் வேடத்தை ஏற்ற மகன் குடிக்கு அடிமையாகி 1832 இல் இறந்தான். 1837 மே 31 இல் கிறிமால்டியும் கண்மூடினார்.

இரவு வேலை முடித்து, ஊரிலிருந்து வந்த துயரச் செய்தியையும் நெஞ்சில் சுமந்து, வார இறுதியில் மண்டபங்களில் வேடம் புனையும் கலைஞர்கள் நம்மிடையேயும் உளர். ஆட்டம் முடிந்ததும் கைதட்டிவிட்டுக் கலைந்து செல்கிறோம் நாம். ஒப்பனை கலைக்கும் அறைவரை சென்று, நலமா என்று ஒருமுறை கேட்போமாயின் அதுவும் கலைக்குச் செய்யும் தொண்டேயாகும்.